ரோல்பிளே எழுத வருகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

நாங்கள் பதினோரு பேர் சேர்ந்து தமிழில் எழுத்து ரோல்பிளே நடத்துகிறோம். இப்போது ஓடிக்கொண்டிருக்கும் கதை 1964 டிசம்பரில் தனுஷ்கோடியில் நடக்கிறது. புதிதாக வருகிற ஒவ்வொருவருக்கும் கிட்டத்தட்ட ஒரே சந்தேகங்கள்தான், நானும் ஒவ்வொரு தடவையும் ராத்திரி பதினோரு மணிக்கு உட்கார்ந்து அதே பதிலை டைப் அடித்துக்கொண்டிருக்கிறேன். அலுத்துவிட்டது. அதனால் கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளைப் போட்டு இங்கே சேர்த்து வைக்கிறேன். வேறு குழுக்களில் வேறு வழக்கம் இருக்கலாம். இதெல்லாம் நாங்கள் சண்டை போட்டு, சமாதானமாகி, கற்றுக்கொண்டது.

ரோல்பிளேன்னா என்னங்க, நாலு பேர் சேர்ந்து கதை எழுதறதுதானே?

கிட்டத்தட்ட அதுதான். ஆனால் நாலு பேர் எழுதும் தொடர்கதையில் பேனா உங்களிடம் வரும்போது கதையில் உள்ள அத்தனை பேரும் உங்கள் கையில் இருப்பார்கள். ரோல்பிளேயில் உங்களுக்கு ஒரு கேரக்டர்தான். அது என்ன பேசும், எங்கே போகும், எதற்கு அழும் என்பதை நீங்கள் மட்டுமே எழுதுவீர்கள். நீங்கள் கஸ்டம்ஸ் அதிகாரி, நான் பெட்டியோடு வரிசையில் நிற்கிற கிழவி என்றால், நீங்கள் கேள்வி கேட்டுவிட்டு நிறுத்த வேண்டும், பதிலை நான் சொல்லும்வரை காத்திருக்க வேண்டும். அடுத்து என்ன ஆகும் என்று இரண்டு பேருக்குமே தெரியாது. ருசியே அதில்தான் இருக்கிறது.

இது ஒன்றும் நேற்று முளைத்தது இல்லை. 1974-ல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் கொண்டுவந்த டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஒரு மேஜையைச் சுற்றி உட்கார்ந்து வாயால் ஆடுவது. 1978-ல் இங்கிலாந்தின் எசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் ராய் டிரப்ஷா தொடங்கி ரிச்சர்ட் பார்ட்டில் வளர்த்த மட் என்ற கம்ப்யூட்டர் விளையாட்டில் படமே கிடையாது, எல்லாம் எழுத்து. நாம் ஆடுவது அந்த இரண்டுக்கும் பேரப்பிள்ளை. எங்கள் குழுவில் பகடையும் இல்லை, பாயிண்டும் இல்லை.

எனக்குக் கதையெல்லாம் எழுத வராது. நான் சேரலாமா?

தாராளமாக. எங்களிடம் டீக்கடை காதர் பாயாக எழுதுகிறவர் ஒரு தடவைக்கு மூன்று வரிக்கு மேல் எழுதியதே இல்லை. அவருடைய பதிவுக்காகத்தான் எல்லோரும் காத்திருப்போம், ஏனென்றால் மற்றவர்கள் எழுதியதை முழுசாகப் படித்துவிட்டு, போன வாரம் யாரோ போகிற போக்கில் சொன்ன இருமலை ஞாபகம் வைத்து, "இன்னிக்கு இஞ்சி தட்டிப் போடவா?" என்று கேட்பார். எழுதத் தெரிந்தவர்கள் நிறையப் பேர் வந்து போனார்கள். படிக்கத் தெரிந்தவர்கள்தான் தங்கினார்கள்.

ஒரு தடவைக்கு எவ்வளவு எழுதணும்?

எதிரே இருப்பவர் எழுதுகிற அளவுக்கு. அவர் நாலு வரி போட்டால் நீங்களும் நாலைந்து வரி. இரண்டு கேரக்டர்கள் காரசாரமாகப் பேசிக்கொண்டிருக்கும்போது நடுவில் வந்து எட்டுப் பத்தி இறக்காதீர்கள், பேச்சு செத்துவிடும். ஒரு புது இடத்துக்குள் நுழையும்போது மட்டும் கொஞ்சம் நீளமாக எழுதலாம், படிப்பவருக்கு இடம் தெரிய வேண்டும் அல்லவா.

நல்லாத்தான் எழுதறேன், ஆனா யாருமே பதில் போட மாட்டேங்கறாங்க. ஏன்?

இந்தக் கேள்விக்காகத்தான் இந்தப் பக்கத்தையே எழுதுகிறேன், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். கஸ்டம்ஸ் அதிகாரி நடராஜனாக எழுத வந்தவர் போட்ட முதல் பதிவு இது: "நடராஜன் ஜன்னல் வழியாகக் கடலைப் பார்த்தார். அலைகள் அவர் மனதைப் போலவே ஓயாமல் புரண்டன. எத்தனை வருடங்கள், எத்தனை முகங்கள். பெருமூச்சு விட்டார்." வாக்கியத்தில் குறை இல்லை. ஆனால் இதைப் படித்துவிட்டு நான் என்ன செய்ய? என் கேரக்டருக்கு அவர் மனதுக்குள் எட்டிப்பார்க்கிற வசதி கிடையாது. ஒருவர் ஜன்னலோரம் நிற்கிறார், அவ்வளவுதான் எனக்குத் தெரியும். இரண்டு நாள் யாரும் பதில் போடவில்லை, அவரும் கோபித்துக்கொண்டார்.

பிறகு பேசிப் பார்த்து, அவரே மாற்றி எழுதினார்: "நடராஜன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி, வரிசையில் நின்ற கிழவியின் டிரங்குப் பெட்டியைக் காலால் லேசாகத் தள்ளிப் பார்த்தார். அசையவில்லை. 'என்னம்மா, கல்லக் கட்டி எடுத்துட்டுப் போறீங்களா? சாவியக் குடுங்க.'" இப்போது பாருங்கள். பெட்டி கனம், சாவி வேண்டும், பின்னால் ஒரு வரிசை நிற்கிறது. கிழவி பதில் சொல்லலாம், பின்னால் நிற்பவன் முணுமுணுக்கலாம், போர்ட்டர் கை கொடுக்க வரலாம். கிழவி செல்லம்மாவாக எழுதுகிறவர் ஐந்தே நிமிஷத்தில் பதில் போட்டார்: "சாவி மகன்கிட்ட இருக்குங்கய்யா. டீ குடிக்கப் போயிருக்கான்." செல்லம்மாவுக்கு மகன் இருப்பதாக அதுவரை எங்கள் யாருக்கும் தெரியாது! அன்று ராத்திரி மூன்று பேர் நான் மகனாக வரட்டுமா என்று கேட்டார்கள்.

எழுதி முடித்ததும் அனுப்புவதற்கு முன்னால் ஒரே ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள்: இதைப் படிக்கிறவர் கையில் நான் என்ன கொடுத்திருக்கிறேன்? ஒரு கேள்வி, நீட்டிய ஒரு பொருள், மறித்து நிற்கிற ஒரு ஆள், கேட்கக் கூடாததைக் கேட்டுவிட்ட ஒரு காது, ஏதாவது ஒன்று இருக்க வேண்டும். பெருமூச்சை வைத்துக்கொண்டு யாரும் எதுவும் செய்ய முடியாது.

காட்மாடிங் பண்றேன்னு திட்டினாங்க. நான் அப்படி என்ன தப்பு செஞ்சேன்?

அடுத்தவர் கேரக்டருக்கு என்ன நடந்தது என்பதையும் நீங்களே எழுதியிருப்பீர்கள். "சந்தியாகு அவன் கன்னத்தில் பளாரென்று அறைந்தான். அவன் சுருண்டு விழுந்தான்." அறைவது உங்கள் உரிமை, விழுவது அவர் உரிமை. தமிழில் இதற்கு அழகான வழி இருக்கிறது: ஓங்கினான், பிடிக்கப் பார்த்தான், தள்ளப் போனான் என்று வினையைப் பாதியில் நிறுத்திவிடலாம். "சந்தியாகு அறையக் கையை ஓங்கினான்" என்று எழுதிவிட்டுச் சும்மா இருங்கள். விலகுவதா, வாங்குவதா, கையைப் பிடிப்பதா என்று அவர் எழுதட்டும்.

அடிதடியில் மட்டும்தான் இது நடக்கும் என்று நினைக்காதீர்கள். "அவள் உள்ளே வந்ததும் எல்லோரும் வாயடைத்துப் போனார்கள்" என்பதும் இதே தப்புதான். நான் வாயடைத்துப் போகவில்லை, நான் வடையைத் தின்றுகொண்டிருந்தேன்.

அப்படின்னா சண்டையே போட முடியாதே. எவனும் அடி வாங்க மாட்டேங்கறான்!

நியாயமான புகார். முந்தின பதிலில் சொன்ன உரிமையைப் பிடித்துக்கொண்டு, வருகிற ஒவ்வொரு அடிக்கும் விலகிக்கொண்டே இருக்கிறவர்கள் உண்டு. கத்தி வந்தால் குனிவார், கல் வந்தால் பிடிப்பார், பின்னால் வந்தால் அவருக்கு எப்படியோ தெரிந்துவிடும். இப்படி ஒருவரோடு நாலு பதிவு ஆடினால் ஐந்தாவதற்கு ஆசை போய்விடும்.

மூன்று அடியில் ஒன்றையாவது வாங்குங்கள் என்பது எங்கள் வழக்கம். வாங்குகிறவருக்குத்தான் எழுத நிறையக் கிடைக்கும். சந்தியாகு ஒரு தடவை வாடகைப் பாக்கிச் சண்டையில் நன்றாக உதை வாங்கி, மறுநாள் வலை இழுக்க முடியாமல் உட்கார்ந்திருந்தான். அந்த ஒரு நாளில் நான்கு பேர் அவன் வீட்டுக்கு வந்து போனார்கள். அடித்தவனைப் பார்க்க யாரும் போகவில்லை.

மெட்டாகேமிங்னா என்ன? புயல் வரப்போறது எல்லாருக்கும் தெரிஞ்ச விஷயம்தானே?

உங்களுக்குத் தெரியும், எனக்குத் தெரியும். 1964 டிசம்பர் 22 நள்ளிரவை ஒட்டிப் புயல் அடித்தது, கடல் உள்ளே வந்தது, பாம்பனிலிருந்து வந்த பாசஞ்சர் ரயிலையே கொண்டுபோனது, ஊர் அதோடு முடிந்தது. இந்தக் கதைக்கு வருகிற எல்லோரும் அதைத் தெரிந்துகொண்டுதான் வருகிறார்கள். ஆனால் கதைக்குள் இன்று 17-ம் தேதி. காதர் பாய்க்குத் தெரிந்ததெல்லாம் காற்று கொஞ்சம் ஈரமாக இருக்கிறது, சர்க்கரை கட்டி தட்டுகிறது என்பதுதான். உங்களுக்குத் தெரிந்ததைக் கேரக்டருக்கும் தெரிந்த மாதிரி எழுதுவதைத்தான் மெட்டாகேமிங் என்கிறோம்.

சேர்ந்து இரண்டு வாரமே ஆன ஒருவர், தன் கேரக்டருக்கு "ஏனோ மனசு சரியில்லை" என்று எழுதி, 22-ம் தேதி மத்தியான ரயிலுக்கு டிக்கெட் வாங்கிவிட்டார். கேட்டால் "உள்ளுணர்வு" என்றார். அந்த உள்ளுணர்வு ஐந்து நாள் முன்கூட்டியே தேதியோடு வருமா? ஊரை விட்டுப் போவதில் தப்பே இல்லை, கதைக்குள்ளேயே காரணம் இருக்க வேண்டும். தங்கைக்குப் பிரசவம், தந்தி வந்தது, கிளம்பினான் என்றால் யாரும் கேள்வி கேட்க மாட்டோம். எங்கள் கதையிலேயே ஒருவர் நேர்மாறாகச் செய்தார்: மதுரையில் இருக்கிற மனைவிக்கு, கிறிஸ்துமஸ் லீவுக்குப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு 21-ம் தேதியே வந்துவிடு என்று கடிதம் போட்டார். படித்துவிட்டு ஒரு மணி நேரம் எங்களில் யாருக்கும் பதில் எழுத வரவில்லை. தெரிந்த விஷயத்தை இப்படியும் பயன்படுத்தலாம். கேரக்டருக்கு ஒன்றும் தெரியாது, படிப்பவருக்கு வயிற்றைக் கலக்கும்.

நான்னு எழுதணுமா, அவன்னு எழுதணுமா? நடந்ததா, நடக்கறதா?

அவன், நடந்தது. பதினோரு பேர் "நான்" போட்டால் யார் எந்த நான் என்று ஒவ்வொரு தடவையும் மேலே போய்ப் பெயரைப் பார்த்துவிட்டு வர வேண்டியிருக்கும். நிகழ்காலத்தில் எழுதினால் விறுவிறுப்பு என்று சிலர் நினைக்கிறார்கள். "பார்க்கிறான், நடக்கிறான், நிற்கிறான்" என்று பத்து வரி படித்தால் கிரிக்கெட் வர்ணனை மாதிரி ஆகிவிடுகிறது.

ஆனால் தமிழில் அவனா அவரா என்று இன்னொரு முடிவும் எடுத்தாக வேண்டும், அதைப் பலர் யோசிப்பதே இல்லை. உங்கள் கேரக்டர் அந்த ஆளை மனசுக்குள் எப்படி வைத்திருக்கிறதோ அப்படி எழுதுங்கள். சந்தியாகுவாக எழுதுகிறவர் இதைக் கையாளுகிற விதத்தைப் பாருங்கள்: "'சரிங்கய்யா,' என்றான் சந்தியாகு. நடராஜன் ரசீதை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டான்." வாயில் ஐயா, வர்ணனையில் வைத்துக்கொண்டான். சந்தியாகுவுக்கு அந்த அதிகாரி மேல் என்ன எண்ணம் என்று தனியாக ஒரு வரி எழுத வேண்டிய வேலையே இல்லாமல் போய்விட்டது. நடராஜனாக எழுதுகிறவர் முதலில் என்னிடம் வந்து "என் ஆளை மரியாதை இல்லாம எழுதறார்" என்று புகார் சொன்னார், அப்புறம் புரிந்ததும் அவரே சிரித்தார்.

பேச்சைக் கொச்சையா எழுதலாமா? எனக்கு அந்த ஊர் பாஷை தெரியாதே?

பேச்சு பேச்சுமாதிரி இருக்கட்டும், வர்ணனை எழுத்து நடையில் இருக்கட்டும். தெரியாத வட்டார வழக்கை சினிமாவில் கேட்டதை வைத்து எழுதாதீர்கள். நேரில் கேட்டிராத பாஷையை எழுதினால் இரண்டாவது வரியிலேயே பல் இளிக்கும். சிலோன் மலையகத்துத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்த ஒரு கேரக்டரை "வாறன், போறன்" என்று யாழ்ப்பாணத் தமிழில் பேசவைத்தார் ஒருவர். தோட்டத்து மக்களின் பேச்சு தமிழ்நாட்டுப் பேச்சுக்கு நெருக்கமானது, யாழ்ப்பாணத்துப் பேச்சு வேறு. சிலோன் என்றாலே ஒரே தமிழ் என்று நினைத்துவிட்டார்.

தெரியாவிட்டால் பொதுவான பேச்சுத் தமிழில் எழுதுங்கள், யாரும் குறை சொல்ல மாட்டார்கள். ஊர்ப் பேச்சை விட முக்கியம், யார் யாரை எப்படிக் கூப்பிடுகிறார்கள் என்பது. அண்ணே, தம்பி, ஆத்தா, சார், ஏய், பாய் என்று ஒரு விளிச்சொல்லைப் போட்டதுமே வயதும் உறவும் உயரமும் தெரிந்துவிடும்.

தங்கிலீஷ்ல டைப் பண்ணலாமா?

கதைக்குள் வேண்டாம், வெளியே பேசும்போது எப்படியும் பேசிக்கொள்ளுங்கள். எழுத்துப்பிழை வந்தால் பரவாயில்லை.

என் கேரக்டருக்கு ரெண்டு பக்கம் முன்கதை எழுதியிருக்கேன், போதுமா?

அதிகம். அந்த இரண்டு பக்கத்தை உங்களைத் தவிர ஒருவரும் ஞாபகம் வைத்திருக்கப் போவதில்லை, மன்னிக்கவும். எனக்கு மூன்று விஷயம் சொல்லுங்கள்: அவருக்கு இப்போது என்ன வேண்டும், யாருக்குக் கடன்பட்டிருக்கிறார், எதை மறைக்கிறார். மிச்சத்தை ஆட ஆடக் கண்டுபிடிக்கலாம், செல்லம்மாவுக்கு மகன் வந்த மாதிரி. முன்கூட்டியே எல்லாவற்றையும் எழுதிவைத்திருந்தால் அந்த மகன் பிறந்திருக்கவே மாட்டான்.

அழகு, அறிவு, வீரம், சோகமான சிறுவயது, ஆறு மொழி, எல்லாம் ஒரே ஆளிடம் இருந்தால் அதற்கு மேரி சூ என்று பெயர். 1973-ல் பாலா ஸ்மித் என்பவர் ஸ்டார் ட்ரெக் ரசிகர் இதழ் ஒன்றில் இப்படிப்பட்ட நாயகிகளைக் கேலி செய்து ஒரு குட்டிக் கதை எழுதினார், அதில் வருகிற பதினைந்தரை வயது லெப்டினன்ட்டின் பெயர் அது. எங்களிடமும் ஒரு மேரி சூ வந்தார், ஆண் மேரி சூ. தனுஷ்கோடி ஸ்டேஷன் போர்ட்டர், ஆனால் ஜெர்மன் தெரியும்.

1964-ல நடக்குதுன்னா எல்லாத்தையும் தேடிப் படிச்சுட்டு வரணுமா?

உங்கள் கேரக்டரின் கை படுகிற பொருள்களை மட்டும் பாருங்கள். டீக்கு என்ன காசு கொடுக்கிறார்? 1957 ஏப்ரலிலேயே தசமக் காசு வந்தாயிற்று, 1964 ஜூனில் நயா பைசாவில் இருந்த நயாவையும் எடுத்துவிட்டார்கள், ஆனாலும் ஜனங்கள் வாயில் நாலணாவும் எட்டணாவும்தான். அந்த ஊர் மெட்ராஸ் ஸ்டேட்டில் இருக்கிறது, அக்கரை சிலோன். எழும்பூரில் போட் மெயில் ஏறினால் தனுஷ்கோடி வரை வரலாம், அங்கே இறங்கிக் கப்பலில் தலைமன்னார். மதுவிலக்கு அமலில் இருக்கிறது, ஆகவே உங்கள் ஆள் சாவகாசமாக பாரில் உட்கார முடியாது, ஒளிந்துதான் குடிக்க வேண்டும். ஒளிந்து குடிப்பதில் பார் காட்சியை விடக் கதை அதிகம் கிடைக்கும்!

தப்பு எல்லோருக்கும் வரும். கேரி பேக்கில் மீன் வாங்கிப் போனார் ஒருவர். இன்னொருவர், சிலோன் தோட்டத் தமிழர்களில் ஒரு பகுதியை இந்தியா ஏற்றுக்கொள்வதாகச் சொன்ன சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தப்படி தாயகம் திரும்பிய குடும்பம் என்று ஒரு கேரக்டர் கொண்டுவந்தார். ஒப்பந்தம் கையெழுத்தானதே அந்த வருஷம் அக்டோபர் 30-ல்தான், அதன்படி ஆட்கள் வந்து இறங்கத் தொடங்கியது சில வருஷம் கழித்து. அவர் மாற்றினார்: ஒப்பந்தச் செய்தியைப் பேப்பரில் படித்துவிட்டு, நாம் அந்தக் கணக்கில் வருவோமா மாட்டோமா என்று பயந்துபோய் இக்கரையில் சொந்தம் தேடி வந்திருக்கிற ஆள். முதலில் எழுதியதை விட இது எவ்வளவோ மேல். தப்பைப் பார்த்தால் கதையை நிறுத்திப் பாடம் எடுக்காதீர்கள், தனியாக ஒரு வரி சொன்னால் போதும், அவர் திருத்திவிடுவார்.

நிஜமாவே செத்துப்போனவங்க இருக்கற ஊர வெச்சு விளையாடறது சரியா?

எங்களுக்குள் இதைப் பற்றி நிறையப் பேச்சு நடந்தது, முழுசாக ஒத்துப்போகவும் இல்லை. கடைசியில் மூன்று முடிவு எடுத்தோம். நிஜமாக அந்த ஊரில் இருந்த யாருடைய பெயரையும் எடுக்க மாட்டோம். அந்த பாசஞ்சர் ரயில் பெட்டிக்குள் காட்சி எழுத மாட்டோம், அதில் இருந்தவர்கள் யாரும் பிழைத்து வந்து சொல்லவில்லை, நாம் கற்பனை செய்து நிரப்ப வேண்டாம். புயலை வைத்து யாரும் வீரதீரம் காட்டக் கூடாது.

அந்தக் குடும்பங்கள் இன்றும் ராமேஸ்வரம் பக்கம் இருக்கின்றன. அவர்களில் ஒருவர் இதைப் படித்தால் முகம் சுளிப்பாரா என்று எழுதும்போது நினைத்துக்கொண்டால், எதை விட வேண்டும் என்று தானாகத் தெரிகிறது. இதற்கு மேல் எனக்குத் தெளிவான பதில் இல்லை.

நடத்துனர் என்ன செய்வார்? கதையை அவர்தானே முடிவு பண்றார்?

இல்லை. கூத்தில் கட்டியங்காரனைப் பார்த்திருப்பீர்களே, கதைக்குள்ளேயும் இருப்பான், வெளியேயும் நிற்பான், ஆள் வராவிட்டால் நாலு வார்த்தை பேசி சமாளிப்பான். கிட்டத்தட்ட அந்த வேலைதான். ரயில் எத்தனை மணிக்கு வருகிறது, காற்று எப்படி அடிக்கிறது, போஸ்ட் ஆபீஸில் தந்தி வந்ததா என்பதெல்லாம் என் பொறுப்பு. பெயரில்லாத போர்ட்டர், பக்தர் கூட்டம், நாய் இவற்றுக்கும் நான்தான் குரல் கொடுப்பேன். உங்கள் கேரக்டர் என்ன நினைக்கும் என்பதில் தலையிட மாட்டேன். அப்படித் தலையிட்டால் காட்மாடிங் கேள்விக்குச் சொன்ன பதிலை என்னிடமே திருப்பிச் சொல்லுங்கள்.

ஒரே காட்சியில ஆறு பேர் வந்துட்டா தலையும் புரியல, வாலும் புரியல.

மூன்று பேருக்கு மேல் போனால் வரிசை வைத்துக்கொள்ளுங்கள், முதல் சுற்றில் எழுதிய அதே வரிசை. அப்படியும் குழப்பமென்றால் ஒருவரைக் கூப்பிட்டுக்கொண்டு வெளியே போய்விடுங்கள். "பாய், ஒரு நிமிஷம் இப்படி வாங்க" என்று ஒரு வரி போட்டால் இரண்டு காட்சியாகப் பிரிந்துவிடும். எல்லோருக்கும் பதில் சொல்லியாக வேண்டும் என்றும் இல்லை. கல்யாண வீட்டில் ஆறு பேர் பேசினால் ஆறு பேருக்குமா பதில் சொல்கிறீர்கள்?

அந்தக் கேரக்டர் என் கேரக்டரைத் திட்டினது என்னையே திட்டின மாதிரி இருக்கு. என்ன செய்ய?

நடக்கும். இதற்கு ப்ளீட் என்று பெயர் வைத்திருக்கிறார்கள், சாயம் ஒட்டுவது. மாசக்கணக்கில் ஒரு ஆளாக எழுதிக்கொண்டிருந்தால் அவன் சட்டையின் சாயம் நம் தோலிலும் கொஞ்சம் ஒட்டத்தான் செய்யும். உடனே கதைக்குள் திருப்பித் திட்டாதீர்கள். இரண்டு சாய்கோடு போட்டு ஓஓசியில், அதாவது கேரக்டருக்கு வெளியே வந்து, "உங்க நடராஜன் என் செல்லம்மாவைப் பேசினது எனக்கே சுருக்குன்னு இருந்தது, கதைக்காகத்தானே?" என்று கேட்டுவிடுங்கள். பத்தில் ஒன்பது தடவை அந்தப் பக்கத்திலிருந்து பதறிப்போய் பதில் வரும்.

கடுமையாக எழுதப் போகிறவருக்கும் ஒரு வேலை இருக்கிறது. அடுத்த பதிவில் என் ஆள் மோசமாகப் பேசப் போகிறான், பரவாயில்லையா என்று முன்கூட்டி ஒரு வார்த்தை. அவர் வேண்டாம் என்றால் வேண்டாம், காரணம் கேட்கக் கூடாது. காதல் காட்சிக்கும் இதேதான். தவிர எங்கள் குழுவில் கதவு சாத்துகிற இடத்தோடு காட்சி முடியும். பதினெட்டு வயதுக்குக் கீழே இருப்பவர்களோடு காதல் காட்சியே கிடையாது, இதில் பேச்சுக்கே இடமில்லை.

ஏஐகிட்ட கொடுத்து எழுதி வாங்கிப் போட்டா என்ன தப்பு?

ஒருவர் செய்தார். முதல் பதிவிலேயே எங்களுக்குத் தெரிந்துவிட்டது, ஏனென்றால் அவருடைய சந்தியாகு திடீரென்று உப்புக்காற்றையும் விதியையும் பற்றிப் பேச ஆரம்பித்தான். யாரும் பதில் போடாததற்கு மேலே சொன்ன காரணம்தான், ஜன்னலோரப் பெருமூச்சு. பிழை திருத்த உதவி வாங்குங்கள், 1964-ல் தந்தி எப்படி அனுப்பினார்கள் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். ஆனால் நான் சாவியைக் கேட்டால், யோசித்துப் பதில் சொல்ல எதிரே ஒரு ஆள் வேண்டும். இல்லாவிட்டால் நான் தனியாகவே கதை எழுதிக்கொள்வேனே.

பாதியில ஆள் காணாமப் போயிட்டா அவர் கேரக்டரை என்ன செய்யறது?

நான்கு நாள் பார்ப்போம். அப்புறம் நான் அவரை நாகரிகமாக ஓரங்கட்டுவேன், மண்டபம் ஊருக்கு டிரான்ஸ்ஃபர், காய்ச்சல், கோயிலுக்கு நேர்த்திக்கடன், ஏதாவது ஒன்று. கொல்ல மாட்டோம், அவர் திரும்பி வந்தால் உட்கார இடம் வேண்டும். போகிறவர்களும் "இனி முடியாது" என்று ஒரு வரி சொல்லிவிட்டுப் போனால் புண்ணியமாகப் போகும்.

கடைசியில யார் சாகறாங்கன்னு யார் முடிவு பண்ணுவாங்க?

அவரவர். 22-ம் தேதி ராத்திரி ஊரில் இருக்கிற ஒவ்வொரு கேரக்டருக்கும் அதை எழுதுகிறவர்தான் முடிவு செய்வார், முன்கூட்டி யாரிடமும் சொல்லத் தேவையில்லை, என்னிடம் கூட. குலுக்கல் போடலாம் என்று ஒருவர் சொன்னார், ஒருவரும் ஒத்துக்கொள்ளவில்லை. நான் காற்றையும் தண்ணீரையும் மட்டும் எழுதுவேன். காதர் பாய் இப்போதே ஏதோ முடிவு செய்துவிட்டார் என்று எனக்குச் சந்தேகம், இரண்டு நாளாக எல்லோருடைய கடன் கணக்கையும் அடித்துக்கொண்டிருக்கிறார். மெட்டாகேமிங்தானே என்று கேட்டேன். "வருஷக் கடைசி, கணக்கு முடிக்க வேணாமா?" என்றார். கதைக்குள் காரணம் இருக்கிறது, நான் வாயை மூடிக்கொண்டேன்.

அதற்கு இன்னும் ஐந்து நாள் இருக்கிறது. அதுவரை கஸ்டம்ஸ் ஷெட்டில் செல்லம்மாவின் டிரங்குப் பெட்டி திறக்காமல்தான் கிடக்கிறது. மகனாக எழுத வந்தவர் சாவியோடு டீக்கடையில் உட்கார்ந்தபடியே மூன்று நாளாகக் காணோம். நாளையோடு நாலு நாள் ஆகிறது. அவருக்கு என்ன வியாதி கொடுக்கலாம் என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.